நடுவர் இல்லாத பட்டிமன்றம்

ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பம் என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் பத்து ஆகிவிடும். அதைப்பற்றி அங்கே யாருக்கும் கவலை கிடையாது. விடுதி மெஸ்ஸில் சாப்பாடு முடித்து, கையில் ஒரு டீயோடு புல்வெளியில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டால் நடுராத்திரி தாண்டித்தான் எழுந்திருப்பார்கள். ஒரு மூலையில் டஃப்லி அடிப்பார்கள். நம்ம ஊர்ப் பறையின் சின்னத் தம்பி மாதிரி ஒரு வாத்தியம். இன்னொரு மூலையில் கோஷம். மேடையில் வரிசையாக நாற்காலி போட்டு, போட்டியிடும் வேட்பாளர்கள் அத்தனை பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். சுருக்கமாக ஜே.என்.யூ. அதன் மாணவர் சங்கத் தலைவர் தேர்தலுக்கு ஓரிரு நாள் முன்பு நடக்கிற விவாத இரவு இது. அங்கே விடுதிகளுக்கெல்லாம் நதிகளின் பெயர். ஜீலம், கங்கா, சபர்மதி, நம்ம காவேரி. பெரியார் என்று ஒரு விடுதி உண்டு. சட்டென்று சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். அது கேரளத்து நதி. விவாதம் ரொம்ப காலம் ஜீலம் விடுதிப் புல்வெளியில் நடந்துகொண்டிருந்தது.

விஷயம் மூன்று சுற்று. முதலில் ஒவ்வொரு வேட்பாளரும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பேசவேண்டும். அமெரிக்காவில் ஆரம்பித்து, பாலஸ்தீனம் வழியாக வந்து, விடுதியில் தண்ணீர் வராததில் முடிப்பார்கள். அடுத்த சுற்றில் வேட்பாளர்கள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கவேண்டும். மூன்றாவதில், உட்கார்ந்திருக்கிற மாணவர்கள் சீட்டில் எழுதி அனுப்புகிற கேள்விகளுக்குப் பதில். இதை நடத்துவது பல்கலைக்கழக நிர்வாகம் அல்ல. மாணவர்களே அமைத்துக்கொள்கிற தேர்தல் ஆணையம். மணியடித்து நேரம் பார்ப்பதும் அவர்கள்தான், ஓட்டு எண்ணுவதும் அவர்கள்தான். ஓட்டும் காகித ஓட்டுதான். 2024 மார்ச் 20-ம் தேதி ராத்திரி விவாதம், 22-ம் தேதி வாக்குப்பதிவு. இடையில் ஒருநாள் பிரசாரம் கிடையாது. கேட்டதை ஜீரணிக்க ஒருநாள் லீவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேர்தலில் சுமார் 7,700 வாக்காளர்களில் 73 சதவிகிதம் பேர் ஓட்டுப் போட்டார்கள்.

முதல் சுற்றைப் பார்த்துவிட்டு, ஆஹா என்ன பேச்சு என்று மயங்குகிறவர்கள் அதிகம். என் அபிப்பிராயத்தில் அது சும்மா. பேச்சு நமக்கொன்றும் புதுசில்லை. எனக்கு ஆச்சரியமாக இருப்பது இரண்டாவது சுற்றும் மூன்றாவது சுற்றும்தான். ஓட்டுக் கேட்டு வந்த ஆளை உட்காரவைத்துக் கேள்வி கேட்பது.

நம்ம பக்கத்தை யோசித்துப் பாருங்கள். நான் இருக்கிற கோவிலம்பாக்கத்தில் தேர்தல் என்றால் ஆட்டோ. அதன் தலையில் ஸ்பீக்கர். மேடவாக்கம் மெயின் ரோட்டில் நெரிசலில் நின்று 'உங்கள் பொன்னான வாக்குகளை' என்று ஆரம்பிக்கும். பின்னாலேயே திறந்த ஜீப்பில் வேட்பாளர் கைகூப்பிக்கொண்டு வருவார். ஆரத்தி எடுப்பார்கள், சால்வை போடுவார்கள், குழந்தைக்குப் பெயர் வைக்கச் சொல்வார்கள். கேள்வி கேட்க வழியில்லை. ஜீப் நகர்ந்துவிடும். எதிர் வேட்பாளரும் இவரும் ஒரே மேடையில் உட்கார்ந்து, 'போன தடவை ஏரியைத் தூர்வாருவேன் என்றீர்களே, என்னாச்சு?' என்று இவர் கேட்க, அவர் பதில் சொல்ல... பஞ்சாயத்துத் தேர்தலிலோ பார்லிமென்ட் தேர்தலிலோ நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் எதிரும் புதிருமாக மேடையேறுவது தமிழனுக்கு ரத்தத்தில் ஊறின சமாசாரம். 1943 பிப்ரவரி 9-ம் தேதி சென்னை சட்டக்கல்லூரி மண்டபத்தில் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்று அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் மோதினார்கள். மார்ச் 14-ம் தேதி சேலத்தில் அண்ணாவுக்கு எதிரே நாவலர் சோமசுந்தர பாரதியார். அந்தப் பேச்சுகள் 'தீ பரவட்டும்' என்று புத்தகமாகவே வந்துவிட்டன. இரண்டு பக்கமும் பேசியது சொந்த நம்பிக்கையை. பிற்பாடு வந்த பட்டிமன்றத்தில் அந்த வில்லங்கம் இல்லை. இந்தப் பக்கம் பேசு என்றால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பேசு என்றால் அந்தப் பக்கம். கடைசியில் நடுவர் ஒரு தீர்ப்பு சொல்லுவார், கைதட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாம்.

ஜே.என்.யூ. மேடையில் நடுவர் கிடையாது. புல்வெளியில் உட்கார்ந்திருக்கிறவன்தான் நடுவர். தீர்ப்பை அவன் ஒருநாள் கழித்து, பெட்டியில் போடுகிறான்.

*

இந்தக் கதையில் தாம்பரத்துக்கு ஒரு பங்கு உண்டு. கோவிலம்பாக்கத்தில் பஸ் ஏறி மேடவாக்கம் போய், வேளச்சேரி சாலையில் தெற்கே திரும்பினால் கேம்ப் ரோடு தாண்டி கிழக்குத் தாம்பரம். அங்கே காடு மாதிரி மரங்களுக்கு நடுவே சென்னை கிறிஸ்துவக் கல்லூரி. 1837-ல் ஜான் ஆண்டர்சன் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னையில் நடத்திய பள்ளிக்கூடம்தான் பின்னால் கல்லூரியாகி, 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது.

1960-களில் அங்கே பொருளாதாரம் படித்த ஒரு பையன். பூர்வீகம் பாலக்காட்டுப் பக்கம். பிறந்தது பர்மாவில், அப்பாவுக்கு அங்கே ரயில்வேயில் வேலை. சென்னையில் வளர்ந்தவர். பள்ளிக்கூட நாளிலேயே ஒரு கட்டுரைப் போட்டியில் ஜெயித்து 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் பார்க்கப் போய்வந்தவர். தாம்பரத்தில் படிப்பு முடிந்ததும் ஸ்காலர்ஷிப்பில் எடின்பரோ போனார். ஸ்காட்லாந்திலிருந்து வந்த கல்லூரி, தன் மாணவனை ஸ்காட்லாந்துக்கே அனுப்பிவைத்தது. பெயர் பிரகாஷ் கராத். பின்னாளில் மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ஆனாரே, அவரேதான்.

எடின்பரோவில் ஒரு விசித்திர வழக்கம். பல்கலைக்கழகத்தில் ரெக்டர் என்று ஒரு பதவி. ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கே தலைமை தாங்குகிற நாற்காலி. அதற்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது மாணவர்கள். 1858-ல் போட்ட சட்டம். துணைவேந்தர் நியமனம் என்றால் கவர்னரா, முதல்வரா என்று நம் ஊரில் நடக்கிற கூத்தெல்லாம் பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாமல் இருக்கும். கிளாட்ஸ்டன், கார்லைல், லாயிட் ஜார்ஜ், சர்ச்சில், பென்சிலின் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்று பெரிய பெரிய தலைகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால், ஒரு குறை. அந்தப் பெரிய மனிதர்கள் பலர் ஓட்டுக் கேட்டு அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. அவர்கள் சார்பில் மாணவர்கள்தான் அடித்துக்கொள்வார்கள். நிஜமாகவே அடித்துக்கொள்வார்கள். அழுகிய மீன், மாவு, புகைக்கரி எல்லாம் ஆயுதங்கள். ஜெயித்த பிறகு தலைவர் அங்கியோடு வந்து ஒரு நீண்ட உபதேசம் செய்துவிட்டுப் போவார். கார்லைல் 1866-ல் செய்த அந்த உரை இன்றைக்கும் பிரசித்தம். அதாவது தேர்தல் உண்டு, பேச்சு உண்டு, ஆனால் பேச்சு தேர்தலுக்கு அப்புறம். கல்யாணம் முடிந்து பெண் பார்க்கிற மாதிரி.

1968 ஜனவரியில் அங்கே ஒரு ரெக்டர் ராஜினாமா செய்தார். மால்கம் மக்கரிட்ஜ், பத்திரிகையாளர். இளவயதில் நம்ம பக்கத்து மாநிலத்தில் ஆலுவா கல்லூரியில் வாத்தியார் வேலை பார்த்தவர். மாணவிகளுக்குக் கருத்தடை மாத்திரை கொடுக்கவேண்டும் என்று மாணவர் பக்கம் கேட்டது. எனக்கு அது ஒத்துவராது என்று தேவாலய மேடையிலேயே சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். நீங்கள் ஓட்டுப் போட்ட ஆள் உங்கள் குரலாகப் பேசவேண்டுமா, தன் மனசாட்சியைப் பேசவேண்டுமா? எடின்பரோவில் அப்போது காரசாரமாக ஓடின சண்டை இது. 1971-ல் மாணவர்கள் ஒரு முடிவுக்கு வந்து தங்களில் ஒருவரையே ரெக்டர் ஆக்கினார்கள். 1972-ல் அடுத்த மாணவ ரெக்டர் கார்டன் பிரவுன். 2007-ல் பிரிட்டிஷ் பிரதமர் ஆனவர்.

அந்த எடின்பரோவில் நிறவெறிக்கு எதிரான போராட்டத்தில் இறங்கி, நீக்கப்படுகிற அளவுக்குப் போய்த் தப்பித்தவர் கராத். 1970-ல் பட்டத்தோடு இந்தியா திரும்பி ஜே.என்.யூ.வில் சேர்ந்தார். பல்கலைக்கழகத்துக்கு அப்போது ஒரு வயசு. 1969-ல்தான் திறந்திருந்தார்கள். மாணவர் சங்கத்துக்கு விதிகளை நிர்வாகம் எழுதித் தராமல் மாணவர்களே எழுதிக்கொண்டது 1971-ல். தேர்தலை மாணவர்களே நடத்துவது என்கிற ஏற்பாடு அங்கே ஆரம்பிக்கிறது. சங்கத்தின் மூன்றாவது தலைவர் கராத். 1974-ல் அவரைத் தோற்கடித்தவர் காசியிலிருந்து வந்த ஆனந்த் குமார் என்கிற சோஷலிஸ்ட். ஜெயித்தவர் பேராசிரியர் ஆனார். தோற்றவர் கட்சித் தலைவர் ஆனார். எப்படிப் போகிறது பாருங்கள்.

*

இப்படிக் கேள்வி கேட்டுப் பழகுகிற இடத்தை எல்லா அரசாங்கமும் ரசிக்குமா?

1975 ஜூன், எமர்ஜென்சி. அப்போது சங்கத் தலைவர் டி.பி. திரிபாதி. மாணவர் பிரதிநிதி ஒருவரை நிர்வாகம் நீக்கியதை எதிர்த்து செப்டம்பரில் வகுப்புப் புறக்கணிப்பு. மேனகா காந்தி அப்போது அங்கே மாணவி. அவரையும் வகுப்புக்குப் போகாதே என்று தடுத்தார்கள். 25-ம் தேதி ஒரு கார் வளாகத்துக்குள் வந்தது. மப்டியில் போலீஸ். ஒரு மாணவரை அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தது. திரிபாதி என்று நினைத்துத் தூக்கிய ஆள் பிரபீர் புர்காயஸ்தா. ஆள் தப்பு என்று தெரிந்தபிறகும் விடவில்லை. மிசாவில் ஒரு வருஷம் உள்ளே இருந்தார். ஷா கமிஷன் பிற்பாடு விசாரித்த விவகாரங்களில் இதுவும் ஒன்று. அதே புர்காயஸ்தா, 2023 அக்டோபரில் நியூஸ்கிளிக் ஆசிரியராக மறுபடி கைதாகி, 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு வெளியே வந்தார். நவம்பர் மாதம் திரிபாதியும் சிக்கினார்.

எமர்ஜென்சி போனது. 1977 மார்ச்சில் இந்திரா காந்தி தோற்றார். பிரதமர் பதவி போனாலும் ஜே.என்.யூ. வேந்தர் பதவி மட்டும் அவரிடமே ஒட்டிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் மாணவர்கள் ஊர்வலமாக அவர் வீட்டுக்குப் போனார்கள். அந்த போட்டோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கலைந்த தலையோடு ஒரு இளைஞர் காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறார். பக்கத்தில் இந்திரா நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். படித்தது, அவர் ஏன் வேந்தர் பதவியை விட்டு விலகவேண்டும் என்கிற மனு. படித்தவர் சீதாராம் யெச்சூரி, சங்கத் தலைவர், பிறந்தது சென்னையில். இந்திரா விலகினார். இதில் இந்திராவுக்கும் ஒரு சபாஷ் போடத்தான் வேண்டும். கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்காரவில்லை. வெளியே வந்து, தன் மீதான குற்றச்சாட்டை நின்று கேட்டார். 2024 செப்டம்பரில் யெச்சூரி இறந்தபோது அவர் உடலை ஜே.என்.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள்.

*

குறைகள் இல்லாமல் இல்லை. நன்றாகப் பேசுகிறவன் நன்றாக வேலை செய்வான் என்பதற்கு கேரண்டி கிடையாது. இந்தி மேடையில் சூடு பறக்கும்போது மணிப்பூரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் பாதி புரிந்தும் புரியாமலும்தான் உட்கார்ந்திருப்பார்கள். எதிராளி பேசும்போது டஃப்லியை ஓங்கி அடித்து அமுக்கிவிடுகிற தந்திரமும் உண்டு. ஆனாலும் சின்ன அமைப்பு, பெரிய அமைப்பு என்கிற பேதத்தை அந்த ஒரு ராத்திரி அழித்துவிடும். 2015-ல் வளாகத்தில் அதிக பலமில்லாத ஏ.ஐ.எஸ்.எஃப். சார்பில் நின்ற கன்னையா குமார் ஜெயித்ததற்கு விவாத மேடைப் பேச்சுதான் காரணம் என்று எழுதாத பத்திரிகை இல்லை. அடுத்த பிப்ரவரியில் தேசத்துரோக வழக்கில் கைதாகி நாடு முழுக்கத் தெரிந்த முகமானார்.

இன்னொரு காமெடி. கல்லூரித் தேர்தல்களில் பணமும் அடியாட்களும் புகுந்துவிட்டார்கள் என்று சுப்ரீம் கோர்ட் கவலைப்பட, முன்னாள் தலைமைத் தேர்தல் கமிஷனர் லிங்டோ தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். 2006-ல் அறிக்கை. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதினது மட்டும்தான். ஜே.என்.யூ. பாணி நேரடித் தேர்தலுக்கு அந்தக் கமிட்டியே ஷொட்டு கொடுத்திருந்தது. கையெழுத்துப் போஸ்டர் அங்கே ஏற்கெனவே வழக்கம். ஆனால் வயது வரம்பு, ஒருவர் ஒரு தடவைதான் நிற்கலாம் என்பது போன்ற சில விதிகளை அங்கே ஏற்கவில்லை. 2008 அக்டோபரில் தேர்தலுக்கே தடை விழுந்தது. முன்மாதிரி என்று பாராட்டப்பட்ட ஊரில் 2012 மார்ச் வரை சங்கத் தேர்தல் இல்லை.

தில்லிக்குப் போகவேண்டாம், இங்கேயே வேளச்சேரி ஓரத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர் செயலாளர் பதவிகளுக்கு நிற்பவர்கள் 'சோப்பாக்ஸ்' என்கிற கூட்டத்தில் ஏறித் தங்கள் திட்டத்தைச் சொல்லி, கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். லண்டன் தெருமுனைகளில் சோப்புப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நின்று பேசுவார்களே, அந்தப் பெயர். அங்கே பாலஸ்தீனம் வராது. மெஸ் பில்லும் இன்டர்ன்ஷிப்பும்தான். அதனால் என்ன? கேள்வி கேள்விதானே.

*

ஒரு கேள்வியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

1990-களின் நடுவில் ஒரு விவாத மேடை. வேட்பாளர் பெயர் சந்திரசேகர் பிரசாத். பிகாரில் சிவான் மாவட்டத்துக் கிராமத்துப் பையன். முதல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் பிறந்த மாவட்டம் அது. சின்ன வயசிலேயே அப்பா இல்லை. சைனிக் பள்ளியில் படித்து, ராணுவ அகாடமியில் சேர்ந்து, இது எனக்கான இடம் இல்லை என்று பாதியில் வெளியே வந்தவர். ஜே.என்.யூ. மாணவர் சங்கத்தில் ஒருமுறை துணைத்தலைவர், பிறகு இரண்டு முறை தலைவர்.

கேள்வி இதுதான்: நீ தேர்தலில் நிற்பது உன் சொந்த ஆசைக்காகத்தானே?

மாணவர் தேர்தலில் ஜெயித்து, அப்படியே எம்.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த கேள்வி. வழக்கமான வேட்பாளராக இருந்தால், 'சேவை ஒன்றே என் லட்சியம்' என்று கைகூப்பியிருப்பார். சந்திரசேகர் ஆமாம் என்றார். எனக்கும் சொந்த ஆசை உண்டு, பகத்சிங் மாதிரி வாழவேண்டும், சே குவேரா மாதிரி சாகவேண்டும் என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். கூட்டம் ஆர்ப்பரித்தது. இருபது வயதுகளில் மேடையில் சொல்வதற்கு அம்சமான வசனம். கேட்டவர்களில் சிலராவது, சரிதான், நல்லா விடறான் என்று நினைத்திருப்பார்கள். நானாக இருந்தால் நினைத்திருப்பேன்.

படிப்பும் பதவியும் முடிந்ததும் அவர் எந்தச் சீட்டுக்கும் வரிசையில் நிற்கவில்லை. சிவானுக்கே திரும்பிப் போய் சி.பி.ஐ. (எம்.எல்.) லிபரேஷன் கட்சியில் முழுநேர ஊழியர் ஆனார். சிவான் அப்போது பயத்தில் உறைந்திருந்த ஊர். 1997 மார்ச் 31. ஏப்ரல் 2-ம் தேதி பந்த்துக்கு ஆதரவு கேட்டுத் தெருமுனைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். நட்ட நடு பஜாரில், ஜே.பி. சவுக்கில் சுட்டுக் கொன்றார்கள். கூட இருந்த கட்சித் தோழரும் செத்தார். சந்திரசேகருக்கு வயது 32. அந்தத் தொகுதியின் அப்போதைய எம்.பி. ஷஹாபுதீனின் ஆட்கள் செய்த வேலை என்று கட்சி குற்றம் சாட்டியது. தில்லியில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அந்த நாட்களை அஜய் பரத்வாஜ் என்பவர் டாகுமெண்டரியாக எடுத்திருக்கிறார்.

ஒரே பிள்ளையை இழந்த அம்மா கவுசல்யா தேவிக்குப் பிரதமர் நிதியிலிருந்து ஒரு லட்ச ரூபாய் வந்தது. அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்.

சிவான் வழக்கில் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது 2012-ல். அதே வருஷம்தான் ஜே.என்.யூ.வில் தடை விலகி, வேட்பாளர்கள் மறுபடியும் மேடையேறினார்கள்.